எம்.எம். 540-க்குப் பழைய ஆக்சில், ஸ்டீயரிங் செட் வாங்கப் போகிறேன்: எதைப் பார்த்து வாங்குவது?

போடிமெட்டு 540

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 1993 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப். ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஏறி இறங்குகிற வண்டி. ஒரு மாதமாகப் பின் ஆக்சில் ஊளையிடுகிறது. ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் சத்தம், காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. முன்பக்கம் வலது நக்கிளில், அதாவது சக்கரம் திரும்புகிற மூட்டில், எண்ணெய் ஒழுகுகிறது. ஸ்டீயரிங்கில் நாலு விரல் அகலத்துக்கு ஆட்டம்.

கோவை உக்கடத்தில் ஒருவர் முன் ஆக்சில், பின் ஆக்சில், ஸ்டீயரிங் பெட்டி, அதிலிருந்து சக்கரம்வரை போகிற டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் கேட்கிறார். போட்டோ அனுப்பினார். கறுப்புப் பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.

வண்டியில் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து வருவார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அதனால்தான் போவதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வால்பாறை டீசல்

தம்பி, முதலில் அந்தக் கறுப்புப் பெயிண்டை நம்பாதீர்கள். காயலான் கடையில் பெயிண்ட் அடிப்பது துருவை மட்டும் மறைப்பதற்கு இல்லை, வெல்டிங்கையும் மறைக்கும். ஒரு கம்பி பிரஷ் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்பிரிங் பட்டை உட்காரும் பேட் இருக்கிறதல்லவா, அதைச் சுற்றியும், ஹவுசிங்கின் நடு உருண்டையில் குழாய் சேரும் இடத்திலும் பெயிண்டைத் தேய்த்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். பட்டறை வெல்டிங் மேடும் பள்ளமுமாக, பக்கத்தில் தெறித்த மணிமணியான துளிகளோடு இருக்கும். "தேய்க்கக் கூடாது" என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆயில். டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் பிடியுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை அதில் இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். நகம் வெட்டிய துண்டு மாதிரி மின்னுகிற சில்லு வந்தால் பல் உதிர்கிறது. ஆயில் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் ஆற்றில் இறங்கிய வண்டி, தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே நிறுத்தி வைத்த ஆக்சில் என்றால் பேரிங் முழுக்கத் துரு பிடித்திருக்கும். ஆயிலே இல்லாமல் சுத்தமாகக் கழுவி வைத்திருந்தால், ஏன் கழுவினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம், ரேஷியோ. மகிந்திரா ஜீப்புகளில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஆக்சிலுக்குள் வேறு வேறு கிரவுன்–பினியன் இருக்கும். கிரவுன் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம். 43 பல்லுக்கு 8 பல் என்றால் 5.38. 39-க்கு 8 என்றால் 4.88. 47-க்கு 11 என்றால் 4.27. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டுவிட்டு நாலு சக்கர டிரைவைப் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுப்பதால் தெரியாது. கெட்டித் தரையில் லீவர் இறுகி நியூட்ரலுக்கு வராது, டயர் தேயும், கடைசியில் இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்க ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டுகிற இடத்தை, அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் பிளேஞ்சில், அதாவது பினியனின் வெளி முனைத் தட்டில், சாக்பீஸால் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்து சுற்று முடிந்து மேலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் 5.38. ஐந்து முடியக் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஹப் இரண்டு சுற்று முடித்துவிட்டால் 4.88. முன், பின் இரண்டையும் எண்ணுங்கள். "எல்லாம் ஒரே வண்டி செட்டு" என்று யார் சொன்னாலும் எண்ணுங்கள்.

புதுப்பேட்டை வாசி

அண்ணே, பின் ஆக்சில் மட்டும்தானே சத்தம்? கிரவுன்–பினியன் மட்டும் பழசில் வாங்கி மாற்றினால் போதாதா? முழு ஆக்சில் எதற்கு?

வால்பாறை டீசல்

மாற்றலாம் தம்பி. ஆனால் கிரவுனும் பினியனும் ஜோடி. கம்பெனியிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். பினியனின் முகப்பிலும் கிரவுனின் விளிம்பிலும் அந்த எண்ணைத் தேடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அது ஜோடி இல்லை, எவ்வளவு ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்தாலும் ஊளை போகாது. ஜோடி சரியாகவே இருந்தாலும் உங்கள் ஹவுசிங்கில் பினியன் ஆழத்தையும் பல் இடைவெளியையும் ஷிம் வைத்து மறுபடி அமைக்க வேண்டும். அதைப் பொறுமையாக, புளூ என்கிற நீலச் சாயம் தடவிப் பல்லின் தடத்தைப் பார்த்துச் செய்கிற கை எல்லா ஊரிலும் இல்லை. நல்ல ஆள் கிடைத்தால் புது ஜோடி வாங்கிப் போடுவதுதான் என் கணக்கில் முதல் வழி. ஆள் இல்லாத ஊரில், சத்தமில்லாமல் ஓடிய ஆக்சிலைத் திறக்காமல் முழுதாகத் தூக்கி மாட்டுவது நல்லது.

லேத் பட்டறை, பொள்ளாச்சி

டீசல் அண்ணன் சொன்னதோடு என் தொழில் பக்கத்திலிருந்து சில.

ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு நேரான இரும்பு ஆங்கிள் துண்டு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹப் முகத்திலும் ஒன்றைப் படுக்கை வசத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே முன் முனையிலும் பின் முனையிலும் டேப் வைத்து அளவெடுங்கள். பின் ஆக்சிலில் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் ஆங்கிளைச் செங்குத்தாக வைத்து மேலேயும் கீழேயும் அதே மாதிரி அளந்து பாருங்கள். ஒரு மில்லி முன்னே பின்னே இருந்தால் பிடித்த கையின் பிழையாக இருக்கலாம். நாலைந்து மில்லி வித்தியாசம் என்றால் அந்த வண்டி ஓவர்லோடில் ஓடியிருக்கிறது, அல்லது பாறையில் விழுந்திருக்கிறது. அந்த ஹவுசிங் டயரையும் வீல் பேரிங்கையும் தின்றுகொண்டே இருக்கும்.

ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்டை வெளியே இழுத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். இழுத்தால், அதன் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்பிளைன் பற்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், துப்பாக்கிக் குறி பார்ப்பது போல. கோடுகள் நேராக ஓட வேண்டும். முறுக்கு வாங்கிய ஷாஃப்டில் கோடுகள் லேசாகச் சாய்ந்து, கயிறு திரித்த மாதிரி தெரியும். அது உடையவில்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, அடுத்த முறை உடையும். பின் ஷாஃப்டு கூம்பு வடிவத்தில் இருந்து, சாவி வைத்து ஹப் மாட்டும் பழைய மாடல் என்றால் சாவிப் பள்ளத்தின் விளிம்பைப் பாருங்கள். நட்டு தளர்ந்து ஓடிய வண்டியில் அந்த விளிம்பு மழுங்கி அகன்றிருக்கும்.

வெடிப்பு பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். நக்கிள் ஆர்ம், டிராப் ஆர்ம் இரண்டையும் நன்றாகக் கழுவி மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். எடுத்துத் துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸை அரைத்து மெல்லிசாகப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு வரும். போன வருடம் ஒரு எஸ்டேட் டிரைவர் டிராப் ஆர்ம் ஒன்றைக் கொண்டுவந்து, கொஞ்சம் வளைந்திருக்கிறது, சூடு பண்ணி நிமிர்த்துங்கள் என்றார். இந்தப் பூச்சைப் பூசிக் காட்டினேன். ஸ்பிளைன் துளையிலிருந்து அரை அங்குலத்துக்குக் கோடு ஓடியது. மனிதர் அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஆர்மோடு அன்று காலையில்தான் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தார்.

ஸ்டீயரிங் பாகங்களில் வெல்டிங், சூடு பண்ணி நிமிர்த்துவது இரண்டையும் நான் செய்வதில்லை. எவ்வளவு காசு கொடுத்தாலும் சரி.

காட்டுப்பாதை

நீங்கள் எல்லாம் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் 12 வருடமாகப் பழைய பார்ட்ஸ்தான் போடுகிறேன். டை ராடு எண்டு, அதாவது ராடின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட் உட்படக் கழற்றிய வண்டியிலிருந்து எடுத்தவைதான். ரப்பர் பூட்டு கிழியாமல், கையால் ஆட்டினால் ஆடாமல் இருந்தால் போதும். புதுசு என்று விற்பதில் பாதி போலி. நல்ல ஒரிஜினல் பழசு போலிப் புதுசைவிட மேல்.

லேத் பட்டறை, பொள்ளாச்சி

போலி இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காகப் பழைய பால் ஜாயிண்ட் வாங்குவது சரியாகிவிடாது. கையில் வைத்து ஆட்டும்போது ஆடாத ஜாயிண்ட், டயர் கல்லில் மோதும்போது ஆடும். உள்ளே கிண்ணம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று திறக்காமல் தெரியாது, திறந்தால் மூட முடியாது. ஹவுசிங்குக்கும் நக்கிளுக்கும் அளவெடுத்து ஒரு முடிவுக்கு வரலாம். இதற்கு அப்படி ஒரு வழி கிடையாது. ரானே மாதிரி நம் ஊர்க் கம்பெனிகளே பால் ஜாயிண்ட் செய்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்கினால் போலிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. டை ராடின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. பழசில் வாங்குபவர்கள் ஒரே மரையில் இரண்டை வாங்கி வந்து, ராடை வெட்டி வெல்டு வைத்துத் தரச் சொல்கிறார்கள். கூம்பு அளவு ஒத்துவராமல் போனால் ரீமர் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஜிப்சி நீலகிரி

காட்டுப்பாதை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அனுபவத்தைச் சொல்கிறேன். என்னுடையது ஜிப்சி கிங். 2019-ல் மாருதி ஜிப்சியை நிறுத்திய பிறகு பழைய பார்ட்ஸைத் தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்தால் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. ஒரு கடையில் ஆட்டத்தை அடக்குகிற பழைய ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றும் டை ராடு செட்டும் கொடுத்தார்கள். போட்டதும் ஆட்டம் நின்றது. நானும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, குன்னூர் இறக்கத்தில், மனைவியும் குழந்தையும் வண்டியில் இருக்கும்போது திரும்ப வந்தது. முன்னைவிடப் பல மடங்கு. பிரேக்கை மெதுவாக அழுத்தி ஓரங்கட்டி நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

காரணம் கிங் பின் பேரிங், நக்கிள் திரும்புவது அதன் மேல்தான். தேய்ந்து, நக்கிள் தளர்ந்து போயிருந்தது. டேம்பர் அந்தத் தளர்ச்சியை மறைத்ததே தவிர எதையும் சரி செய்யவில்லை. அதனால் முன் ஆக்சில் பார்க்கும்போது டயரையோ ஹப்பையோ மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் வீல் பேரிங்கிலா, நக்கிளிலா என்று இன்னொருவர் பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நக்கிளை இடது வலதாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்று போனால் பேரிங் தடம் வாங்கிவிட்டது. மூடிய நக்கிள் என்றால் அந்த உருண்டையின் பளபளப்பான பரப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துரு தின்ற குழி இருந்தால் எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் அது கிழித்துவிடும். உங்கள் பழைய ஆக்சில் ஒழுகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஸ்டீயரிங் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. அதில்தான் ஏமாற்று அதிகம். பெட்டி தேய்வது எப்போதும் நடுவில், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. நடுவில் ஆட்டம் இருந்தால் மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு "பாருங்க, ஆட்டமே இல்ல" என்று காட்டுவார்கள். நீங்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முழுக்கச் சுற்றுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதிக்குக் கொண்டு வந்து நிறுத்துங்கள். நல்ல பெட்டி நடுவில் லேசாக இறுகி, ஓரங்களில் இளகும். தேய்ந்து இறுக்கிய பெட்டி நடுவில் இளகி, ஓரங்களில் பிடிக்கும். வளைவில் ஸ்டீயரிங் ஓரத்தில் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உக்கடம் பழைய பார்ட்ஸ்

நான் விற்கிற பக்கம். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். நீங்கள் சொல்லும் கடை எங்களுடையது இல்லை, ஆனாலும் எங்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.

கம்பி பிரஷ், ஆயில், சுற்றி எண்ணுவது எல்லாவற்றுக்கும் நாங்கள் இடம் கொடுக்கிறோம். காலை 11 மணிக்கு முன் வாருங்கள், கூட்டம் இருக்காது, பையன்கள் தூக்கிக் காட்டுவார்கள். ஆனால் ஷாஃப்டை இழுக்க, டிஃப் (கிரவுன்–பினியன் இருக்கும் டிஃபரென்ஷியல்) மூடியைத் திறக்கச் சொன்னால் கேஸ்கெட்டும் கூலியும் ஆகும். அதற்கு ஒரு தொகை பேசிக்கொண்டு திறங்கள். வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வோம்.

எங்கள் பிரச்சினை என்ன தெரியுமா? வெளியூருக்கு லாரி பார்சலில் நல்ல ஆக்சில் அனுப்புவோம். பத்து நாள் கழித்து "சத்தம் வருது" என்று திருப்பி அனுப்புவார்கள். திறந்தால் உள்ளே இருப்பது நாங்கள் அனுப்பிய கிரவுனே இல்லை. அவர்களுடைய பழைய தேய்ந்த பல்லை மாற்றிப் போட்டு அனுப்பியிருப்பார்கள். இரண்டு முறை அப்படி அடி வாங்கிய பிறகு, அனுப்புவதற்கு முன் கிரவுன் போல்ட் தலையிலும் மூடியின் விளிம்பிலும் பெயிண்ட் கோடு போட்டு வீடியோ எடுத்து வாங்குபவருக்கே அனுப்பிவிடுகிறேன். இது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

நேரில் வர முடியாதவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ காலில் பாருங்கள். பொருளின் மேல் அன்றைய தேதியும் உங்கள் ஊர் பெயரும் எழுதிய தாளை வைக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் போட்டோவை எடுத்துப் போட்டுப் பணம் பிடுங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைப் படத்தையே ஒருவர் போட்டிருந்தார்.

பார்சலில் வரவழைத்தால் ஆயிலை முழுக்க வடிக்கச் சொல்லுங்கள், காற்று போகிற பிரீதர் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். வந்ததும் அந்த அடைப்பை எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். அதற்கும் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

ஆர்.சி. பார்ப்பவர்

காகித விஷயம் இரண்டு சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இருப்பது சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். ஆக்சில் எண் அதில் கிடையாது. அதனால் திருட்டு வண்டியின் ஆக்சில் என்று அதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பில் ஒன்றுதான் உங்களுக்குத் துணை. பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் திருட்டுப் பொருள் என்று தெரிந்து, அல்லது நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது குற்றம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அதே மாடல் ஆக்சிலை மாட்டுவது பழுது பார்ப்பு. அகலமான வேறு வண்டியின் ஆக்சிலைப் போட்டுப் பெரிய டயர் மாட்டுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத் தொடும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். எட்டுப் பேர் ஏறுகிற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கை எண்ணிக்கையையும் பர்மிட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பாதை

ஜிப்சி தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நேற்று என் வண்டியை ஜாக்கியில் ஏற்றி வீட்டுக்காரம்மாவை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, கீழே படுத்துப் பார்த்தேன். இடது பக்க டை ராடு எண்டு குதிக்கிறது, கண்ணுக்கே தெரிகிறது. கையால் ஆட்டியபோது ஆடவில்லை என்பது உண்மை. நாலும் புதுசு வாங்க ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

போடிமெட்டு 540

போய் வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. விவரமாக எழுதுகிறேன்.

கடைக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். பிரஷ் போட விட்டார். முன் ஆக்சிலில் வெல்டிங் எதுவும் இல்லை. நக்கிள் உருண்டையில் நகம் எங்கும் சிக்கவில்லை. ஆயில் கறுப்பு, காந்தத்தில் மை மட்டும் ஒட்டியது. மச்சான் ஒரு ஹப்பைப் பிடித்துக்கொள்ள நான் சுற்றினேன். ஐந்து சுற்று, அப்புறம் சாக்பீஸ் கோடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நின்றது. என் வண்டியில் வீட்டிலேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதுவும் அதேதான்.

பின் ஆக்சிலை எண்ணினோம். ஐந்து முடியவில்லை. கோடு மேலே வருவதற்குள் ஹப் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. மூன்று தடவை எண்ணினோம், மூன்று தடவையும் அப்படியே. கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். ஒரே வண்டி என்றுதான் அவரிடம் கொடுத்தார்களாம். எண்ணாமல் மாட்டியிருந்தால் கெட்டித் தரையில் நாலு சக்கர டிரைவ் போட்ட முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஸ்டீயரிங் பெட்டி நடுவில் இளகி, வலது ஓரத்தில் பிடித்தது. ஜிப்சி அண்ணன் எழுதியது அப்படியே இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். டிராக் லிங்க், டை ராடு எதையும் எடுக்கவில்லை. முன் ஆக்சிலை மட்டும் 17,000-க்குப் பேசி, பில்லில் வண்டி எண்ணோடு எழுதி வாங்கினேன். பால் ஜாயிண்ட் எல்லாம் தேனியில் புதுசு. பின் ஆக்சிலுக்குப் புது கிரவுன்–பினியன் ஜோடி வாங்கி, பொள்ளாச்சிக்குக் கொண்டு வரலாமா, லேத் அண்ணே? ஷிம் வைத்து அமைத்துத் தருவீர்களா?

லேத் பட்டறை, பொள்ளாச்சி

கொண்டு வாருங்கள். ஹவுசிங்கோடு வேண்டும், பல்லை மட்டும் கொண்டு வராதீர்கள். பினியன் பேரிங் இரண்டு, சைடு பேரிங் இரண்டு, சீல் எல்லாம் புதுசாக வாங்கி வாருங்கள். இரண்டு நாள் ஆகும். முதல் 500 கிலோமீட்டர் லோடு ஏற்றாமல் ஓட்டிவிட்டு ஆயில் மாற்ற வேண்டும். 80டபிள்யூ-90, ஜி.எல். 5 ஊற்றுங்கள்.

போடிமெட்டு 540

சரி அண்ணே, வியாழன் வருகிறேன்.

கழற்றிய என் பழைய முன் ஆக்சில் விற்பனைக்கு. ரேஷியோ 5.38, எண்ணிப் பார்த்தது. வலது நக்கிள் உருண்டையில் கீழ்ப்பக்கம் துருக்குழி இருக்கிறது, சீல் நிற்காது, உருண்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். இடது பக்கம் சுத்தம். கிரவுன்–பினியன் சத்தமில்லாமல் ஓடியது, பல் போட்டோ போட்டிருக்கிறேன். ஷாஃப்டு இரண்டிலும் ஸ்பிளைன் நேராக இருக்கிறது. 2016-ல் ஒரு தடவை பள்ளத்தில் இறங்கியிருக்கிறது, ஆங்கிள் வைத்து அளந்ததில் முன்னுக்கும் பின்னுக்கும் 2 மில்லி வித்தியாசம். டை ராடு எண்டு எதுவும் இதோடு தரமாட்டேன். விலை 8,000. போடியில் வந்து பிரஷ் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

புதுப்பேட்டை வாசி

அண்ணே, எனக்கு இடது பக்க நக்கிளும் டிஃபும்தான் தேவை. வலது உருண்டை என்னிடம் ஒன்று நல்லதாக இருக்கிறது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆங்கிள் துண்டு அங்கே இருக்கிறதா, நான் கொண்டு வரட்டுமா?

போடிமெட்டு 540

இருக்கிறது தம்பி. கம்பி பிரஷும் இருக்கிறது. வாங்க.